தேதி கேட்கும் மிஷின்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்த காலம் அது. இருபத்தாறு வயது, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. பிளாஸ்டிக் வாளியோ மூடியோ சீப்போ எதைச் செய்ய வேண்டுமானாலும் முதலில் இரும்பில் ஓர் அச்சு வேண்டும். அந்த அச்சுகளை வெட்டித் தருவதுதான் எங்கள் தொழிற்சாலையின் தொழில். நான் அச்சு வெட்டுபவன் இல்லை. கம்ப்யூட்டர் பழுதானால் பார்ப்பவன். கம்ப்யூட்டர் பழுதாகாத நாட்களில் டியூப் லைட் மாட்டுவேன்.

அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் இருந்தார். குவார்ட்டர்ஸில் வீடு. கோழி மேய்த்தாலும் கவர்மென்டில் மேய்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் தனியாரிடம் டியூப் லைட் மாட்டுவதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்பார். பொய் இல்லைதான், ஆனாலும் எனக்கு எரிச்சல் வரும். ஒரு நாள் உண்மையிலேயே கம்ப்யூட்டரில் பெரிதாக எதையாவது செய்து காட்டிவிட வேண்டும் என்று மனதில் கறுவிக்கொண்டிருந்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் கறுவல்தான் ஆரம்பம்.

எங்களிடம் இருந்த கம்ப்யூட்டர்கள் மூன்று ஜாதி. ஒன்றின் வீட்டில் ஒன்று கை நனைக்காது. மாடியில் படம் வரையும் அறையில் யுனிக்ஸ் மிஷின் ஒன்று. கீழே ஆபீஸில் ஐந்து விண்டோஸ் மிஷின்கள். பின்னால் ஷெட்டில் இரும்பு வெட்டும் யந்திரங்களுக்குப் பக்கத்தில் நான்கு பழைய டாஸ் மிஷின்கள். எங்கே எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்ற குறிப்பை வெட்டும் யந்திரத்துக்கு ஒரு வயர் வழியாக ஊட்டுவது இந்த நான்கின் வேலை.

இந்த நான்கும் மகா கிழங்கள். உள்ளே கடிகாரமே கிடையாது. ஸ்விட்சைப் போட்டால் இன்று என்ன தேதி என்று கேட்கும். பிறகு மணி என்ன என்று கேட்கும். பதில் சொல்லாமல் என்டரை இரண்டு முறை தட்டினால் கோபித்துக்கொள்ளாது. எண்பதாம் வருடம் ஜனவரி ஒன்று என்று தானே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடும். எஸ்டேட்டில் கரண்ட் போய்ப் போய் வரும். வரும்போதெல்லாம் அதே கேள்விதான்.

இந்த மூன்று ஜாதிக்கும் நடுவே தூது போனவர் ஓர் அக்கா. அவரை எல்லோருக்கும் பிளாப்பி அக்கா என்றுதான் தெரியும். நாற்பது வயது இருக்கும். ஊர் சேக்காடு. அப்பா அம்மா வயலில் கூலி வேலை செய்தவர்கள். வயலெல்லாம் மனையாகிப்போன பிறகு இவர் எஸ்டேட்டுக்கு வந்துவிட்டார். எட்டாம் வகுப்புப் படிப்பு. மாடியில் வரைந்த படத்தை பிளாப்பி என்ற சதுரத் தகட்டில் வாங்கி, ஆபீஸில் ஒரு மிஷினில் போட்டு மாற்றி, வேறு பிளாப்பியில் எழுதி, ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஷெட்டில் திருத்தியதை அதே வழியில் மாடிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது நடையாவது இருக்கும்.

பிளாப்பிகளை ஓர் எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்துத்தான் எடுத்துப்போவார். ஷெட்டின் நடுவே, இரும்பைப் பிடித்துவைத்துத் தேய்க்கும் காந்த மேசை ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் போனால் பிளாப்பியில் இருப்பது அழிந்துவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து, எவ்வளவு அவசரமானாலும் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாகத்தான் போவார். "அக்கா, சாம்பார் சாதமா தயிர் சாதமா?" என்று ஆபரேட்டர்கள் கேட்பார்கள். "ரெண்டும் இல்ல, உன் மாமியா கிண்டுன களி" என்று நடந்துகொண்டே பதில் சொல்வார்.

அக்காவுக்கு ஒரே பெண். பதிமூன்று வயது, பிறவியிலேயே காது கேட்காது. எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. காலையில் அம்மாவும் பெண்ணும் ஒன்றாக பஸ்ஸில் வருவார்கள். மூன்றரைக்குப் பள்ளி விட்டதும் அக்கா ஓட்டமாகப் போய் அழைத்துவந்து கேட்டுக்குப் பக்கத்தில், ஆட்கள் வருகை பதியும் டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்காரவைப்பார். அந்தப் பெண் அங்கேயே வீட்டுப்பாடம் எழுதும். ஐந்தரைக்கு இருவரும் சேர்ந்து போவார்கள். கணவர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் அக்காவின் வேலையும் பெண்ணின் படிப்பும் ஒரே பஸ்ஸில் போய்வந்தன என்று சொல்லலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அவரும் எஞ்சினியர்தான். "ஏம்ப்பா, இந்த மிஷினெல்லாம் ஒண்ணா இணைக்க முடியாதா? மாடியில வரைஞ்சா ஷெட்டில வந்து நிக்கணும்" என்றார். வெளியே விசாரித்தால் அவர்கள் சொன்ன விலைக்கு இன்னொரு லேத்தே வாங்கிவிடலாம். நான் செய்கிறேன் என்றேன். எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி என்னிடம் இருந்தது. ஓரங்கட்டிய ஒரு மிஷினைத் துடைத்து எடுத்து, எல்லோருக்கும் பொதுவான சர்வராக இருக்கட்டும் என்று அதில் ஏற்றினேன். மூன்றாவது தடவைதான் ஏறியது. ஷெட்டின் உத்தரத்தில் கறுப்பு வயர் இழுத்தபோது, குடம் அச்சு வெட்டும் ஆபரேட்டர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். என் வயதுதான் அவனுக்கும். "இன்னா சார், கேபிள் டிவியா? மேட்ச் தெரியுமா?" என்றான். தெரியாது என்றதும் அவனுக்கு அந்த வயரில் இருந்த அக்கறையே போய்விட்டது.

மூன்று ஜாதியையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் மென்பொருளுக்குப் பெயர் சாம்பா. லினக்ஸில் அதை ஓட்டினால், விண்டோஸும் டாஸும் அந்தப் பெட்டியைத் தங்கள் சொந்தக்காரன் என்று நம்பிவிடும். யுனிக்ஸ் மிஷினுக்கு வேறு ஒரு பின்வாசலைத் திறந்து விட்டால் போதும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். சாம்பாவுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே கோப்பில் வரி வரியாக எழுத வேண்டும்: எந்த அறையை யாருக்குத் திறப்பது, யார் படிக்கலாம், யார் எழுதலாம், வந்தவன் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது. ஒரு வரி தவறினால் பெட்டி ஊமையாகிவிடும். ஏன் என்று சொல்லாது. மூன்று வாரம் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஆபீஸ் மிஷின்களுக்கு சர்வர் தெரிந்தால் ஷெட்டுக்குத் தெரியாது. ஷெட்டுக்குத் தெரிந்த அன்று ஆபீஸில் கடவுச்சொல் கேட்டுக் கேட்டு, சரியாகச் சொன்னாலும் போ என்றது. மாடியில் எழுதிய கோப்பை ஆபீஸில் திறந்தால் உனக்கு உரிமை இல்லை என்றது. உரிமையைத் தாராளமாகத் திறந்துவிட்டால், ஆபீஸில் யாரோ ஒரு படத்தையே அழித்துவிட்டார்கள். ஒரு மத்தியானம் ஸ்டூலை எட்டி உதைத்ததில் என் கால்தான் வீங்கியது.

அப்போது டப்பாவோடு வந்த அக்கா, நான் காலைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு நின்றார். "இந்தப் பொட்டி யார் கூட சண்ட போடுது தம்பி? அதுங்க கூடயா, உன் கூடயா?"

"ரெண்டு பேர் கூடவும்தான்" என்றேன்.

"அப்ப அதும் பசி நேரமா இருக்கும். போய் துன்னுட்டு வா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பெட்டி அப்படியேதான் இருந்தது. ஆனால் நான் கொஞ்சம் மனிதனாகியிருந்தேன்.

கடைசியில் எல்லாம் கூடிவந்தது. ஷெட்டுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு செய்தேன். அங்கே தள்ளுவண்டி இடித்து வயர் பிய்த்துக்கொண்டால் வேலை நின்றுவிடக்கூடாது. ஆகவே புதுப் படம் வந்தவுடன் ஷெட் மிஷின்கள் தங்களிடம் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும், சர்வரில் ஒரு பிரதி இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யந்திரங்கள் நிற்கும்போது இரண்டையும் ஒப்பிட்டு, தேதியில் புதியது எதுவோ அது பழையதன் மேல் எழுதிக்கொள்ளும். புதியது பழையதை அழிக்கும், அவ்வளவுதான் விதி. ஒரு மாதம் சோதித்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அந்த விதியை எழுதியதற்காக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

முதலாளி எல்லோரையும் ஷெட்டில் கூட்டினார். மாடியில் ஒரு படத்தைச் சேமித்தார்கள். நான்கைந்து நொடியில் அது ஷெட் மிஷினில் வந்து நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று அப்பா அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கைதட்டல் அடங்கியதும் முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். "இனிமே உனக்கு நடை மிச்சம்மா. குத்தம்பாக்கம் குடோன்ல பேக்கிங்குக்கு ஆள் இல்ல. உக்காந்து பாக்கற வேலை. திங்கட்கிழமையிலருந்து அங்க போயிடு." அவர் அதை நல்லதாக நினைத்துத்தான் சொன்னார்.

"சரிங்க ஐயா" என்றார் அக்கா. குத்தம்பாக்கம் இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம்.

சனிக்கிழமை சாயங்காலம் என் மேசைக்கு வந்து டப்பாவைத் திறந்து பிளாப்பிகளை அடுக்கி வைத்தார். காலி டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டார். டைம் ஆபீஸ் பெஞ்சில் அவருடைய பெண் பையை மாட்டிக்கொண்டு காத்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தோன்றியது. கேட்டால் ஒரு பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. சர்வரிலிருந்து வந்த குறிப்பில் ஷெட்டில் யாரும் கை வைக்க வேண்டி வரவில்லை. மூன்றாவது வாரத்தில் பிளாஸ்டிக் குடத்துக்கான அச்சு, கடைசி வெட்டில் இருந்தது. பல நாள் வேலை. மேட்ச் தெரியுமா என்று கேட்ட அந்த ஆபரேட்டர் காலையில் குறிப்பில் ஓர் இடத்தில் ஆழத்தைக் குறைத்துத் திருத்தியிருக்கிறான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பட்டனை அழுத்தினான். யந்திரம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கிவிட்டது. இரும்பில் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒட்டுப் போட்டாலும் வார்க்கும் ஒவ்வொரு குடத்திலும் தழும்பு தெரியும்.

முதலாளி வந்து குனிந்து அந்த இரும்பை விரலால் தடவிப் பார்த்தார். "காலைல நான் மாத்தி வச்சேன் சார். சத்தியமா மாத்துனேன்" என்றான் ஆபரேட்டர்.

நான்தான் முந்திக்கொண்டேன். "மாத்தியிருப்ப. சேவ் பண்ணியிருக்க மாட்ட" என்று கத்தினேன். அத்தனை பேர் நடுவில். அவன் முகம் சுருங்கிப்போனது. முதலாளி அவனை வீட்டுக்குப் போகச் சொன்னார், நாளைக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்றார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவன் போன பிறகு அவனுடைய மிஷினைக் குடைந்தேன். குடத்தின் குறிப்பு, திருத்தாமல் பழையபடியே இருந்தது. நான் சொன்னது சரிதான் என்று எழுந்திருக்கப் போனவன், அவன் தன் மிஷினில் மட்டும் எழுதிவைத்திருந்த வேறு கோப்புகளின் பட்டியலையும் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு மேலாகச் சேமித்தது எல்லாமே எண்பதாம் வருடம் ஜனவரி ஒன்று. அவன் சேமித்திருக்கிறான். மிஷின் அதற்குப் பதினைந்து வருடப் பழைய தேதியைப் போட்டிருக்கிறது. மத்தியானம் என் விதி வந்து பார்த்து, சர்வரில் இருந்த திருத்தாத குறிப்புதான் புதியது என்று முடிவு செய்து, அவன் திருத்தியதை அழித்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது.

ஆபரேட்டர் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை போல. மிஷின் தேதி கேட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"என்டர் தட்டுவேன். எல்லாரும் அதான் சார் தட்டுவோம்."

"முன்னாடியும் அப்படித்தானா?"

"முன்னாடி அக்கா அடிக்கும் சார். காலைல மொத ஆளா வந்து நாலு மிஷினுக்கும் தேதி மணி அடிச்சிட்டு தான் மத்த வேல பாக்கும். கரண்ட் போய் வந்தாலும் ஓடியாந்து அடிக்கும். நாங்க தொட்டா திட்டும்."

"யார் சொல்லி?"

"யார் சொல்றது? அதுவா செய்யும். எதுக்குன்னு நாங்களும் கேட்டதில்ல."

நான் சோதித்த ஒரு மாதமும் அக்கா தேதி அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். என் விதி தப்பாமல் ஓடியது என் சாமர்த்தியத்தால் இல்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடு சார். மொதலாளி கிட்ட சொல்லிடு, அது போதும்" என்றான். அப்போதே உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன், தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது என்று. அவர் என்னைத் திட்டவில்லை. "இனிமே நடக்காம இருக்க என்ன வழின்னு நாளைக்குச் சொல்லு" என்றார்.

வழி எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. சர்வரில் நல்ல கடிகாரம் இருக்கிறது. ஷெட் மிஷின் விழித்தவுடன், யாரையும் கேட்காமல் சர்வரிடம் மணி கேட்டுக்கொள்ளும்படி ஒரே ஒரு வரி எழுதினால் போதும். கிளம்பும் முன் மூன்றாவது மிஷினில் எழுதிப் பார்த்தேன். அணைத்துப் போட்டேன். தேதி கேட்கவில்லை. சரியான தேதியைத் தானே வாங்கிக்கொண்டு எழுந்தது. மொத்தம் பத்து நிமிட வேலை.

மறுநாள் காலையில் மற்ற மூன்றிலும் எழுதிவிட்டு, முதலாளியிடம் நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கலாம். ஏனோ அக்காவைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

குடோனில் தகரக் கூரைக்குக் கீழே, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னா தம்பி இவ்ளோ தூரம்?"

தேதி விஷயத்தைக் கேட்டேன். "ஒரே பேர்ல ரெண்டு பிளாப்பி கைக்கு வரும் தம்பி. எது புச்சு, எது பழசுன்னு எனுக்கு எப்டி தெரியும்? தேதிய பாத்து தான் தெரியும். ஒரு தபா எல்லாமே எண்பதாம் வருசம்னு காட்டிச்சி. பழசத் தூக்கிக் குடுத்துட்டேன். அன்னிக்கு வாங்குன திட்டு இன்னிக்கும் காதுல கீது. அதுலர்ந்து ஆறு வருசமா நானே அடிச்சிடறது."

நான் பதினைந்து புத்தகம் புரட்டி எழுதிய விதியை இவர் ஆறு வருடமாகக் கையால் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"பாப்பா ஸ்கூலுக்குப் போகுதா அக்கா?" என்றேன். மூன்று வாரம் தாமதமாக.

"ஊட்ல கீது" என்றார். கையிலிருந்த அட்டையை மடித்துக்கொண்டே சொன்னார். "இங்க ஆறு மணிக்கு உடறாங்க. பூந்தமல்லி பஸ் புட்சி, ஆவடி பஸ் புட்சி, நான் ஊடு போய் சேர ஏழரை, எட்டாவுது. மூணரைக்கு பாப்பாவ யார் போய் கூட்டியாரது? நானே வரேன்னு கைய ஆட்டி அடம் புட்சிது. ஒரு வாரம் உட்டேன். ஆவடியில பின்னாடி பஸ்ஸு ஆரன் அடிச்சிகினே வந்துகீது. அதுக்கு இன்னா கேக்கும்? ஒரு அடியில வந்து நின்னுச்சாம். டிரைவரே கையப் புட்சி ஊட்ல கொண்டாந்து உட்டுட்டுப் போனாரு. அதோட நிறுத்திட்டேன்."

"முதலாளி கிட்ட சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? நடையே இல்லாத வேலைக்கு என்ன வச்சிக்கங்கன்னா?"

திரும்பும் வழியில் குமணன்சாவடியில் பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து கோடு போட்ட நோட்டில் எழுதுவதை எத்தனை நாள் பார்த்திருப்பேன். நான் எழுதிய கோப்பு அந்த நோட்டை மூடிவிட்டது. இப்போது இன்னும் ஒரு வரி எழுதினால் மூடியது மூடியதுதான். எழுதாவிட்டால் அக்கா வேண்டும். பஸ் நகர ஆரம்பித்தபோது நான் முடிவு செய்துவிட்டிருந்தேன்.

முதலாளியிடம் போய், ஷெட் மிஷின்களுக்குக் கடிகாரம் இல்லை, காலையிலும் கரண்ட் வரும்போதும் பொறுப்பான ஆள் ஒருவர் தேதி அடித்தே ஆக வேண்டும் என்றேன். ஆபரேட்டர்கள் இரும்பைப் பார்ப்பார்களா, தேதியைப் பார்ப்பார்களா? இத்தனை நாளாக அக்காதான் அடித்து வந்திருக்கிறார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சர்வர்ல கடிகாரம் இருக்கே. அதுலருந்து எடுத்துக்காதா?"

சரியாக அங்கே வந்து கையை வைத்துவிட்டார். "எடுத்துக்காது சார். டாஸுக்கு அந்த வசதி இல்ல" என்றேன். முழுப் பூசணிக்காயை அன்று சோற்றில் மறைத்தேன். அதுவும் என் தொழிலில், எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தில்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, அந்தம்மாவ வரச் சொல்லு. தேதி மட்டும் அடிக்க ஓர் ஆள் வைக்க முடியாது. ஸ்டோர் ரெஜிஸ்டரையும் பாத்துக்கட்டும்."

திங்கட்கிழமை அக்கா வந்துவிட்டார். பெண்ணைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக ஷெட்டுக்குப் போய், ஒவ்வொரு மிஷினாகத் தேதி அடித்தார். மூன்றாவதன் முன்னால் நின்றுவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சோதித்துப் பார்த்த அந்த வரியை எடுக்க மறந்திருந்தேன்.

"இது கேக்கலியே தம்பி" என்றார்.

"பழைய மிஷின் அக்கா. சில நாள் அப்படித்தான்" என்றேன். மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து அந்த வரியை அழித்தேன். மறுநாள் அது ஒழுங்காகத் தேதி கேட்டது. அக்கா அடித்தார். மூன்றே முக்காலுக்கு டைம் ஆபீஸ் பெஞ்சில் அந்தப் பெண் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது.

அப்புறம் இரண்டரை வருடம் சர்வர் ஓடியது. விண்டோஸ் மாறியது, சாம்பாவும் இரண்டு தடவை மாறியது, நான் மூன்று தடவை அந்தக் கோப்பை முதலிலிருந்து எழுதினேன். ஷெட்டில் மட்டும் எதையும் மாற்றவில்லை. ஆனால் இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். கரண்ட் போய் வரும்போதெல்லாம் அக்கா ஸ்டோரிலிருந்து வேகமாக வருவார். அவருக்கு முட்டிவலி ஆரம்பித்திருந்தது. வெயில் காலத்தில் நாளைக்கு நான்கைந்து தடவை போகும். முட்டியைப் பிடித்துக்கொண்டு நான்கு மிஷினுக்கும் குனிந்து நிமிர்வதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். அந்த ஒரு வரி என் விரல் நுனியிலேயே இருந்தது. ஒரு நாள் தாங்காமல், நான் அடிக்கிறேன், நீங்கள் உட்காருங்கள் என்று போனேன். "தொடாத தம்பி" என்று கையைத் தள்ளிவிட்டார். ஆபரேட்டர்கள் சிரித்தார்கள்.

அந்தப் பெண் பத்தாவது பாஸ் செய்தது. ரிசல்ட் வந்த மறுநாள் அக்கா பழைய டிபன் டப்பாவோடு வந்தார். உள்ளே மைசூர்பாகு. ஷெட்டில் இந்தத் தடவையும் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போனார். "காந்தம் மைசூர்பாகையும் அழிச்சிடுமா அக்கா?" என்றான் குடம் ஆபரேட்டர். "உன் வாயில பட்டா தான் அழியும்" என்று அவனுக்கு இரண்டாகக் கொடுத்தார்.

கடைசியாக என்னிடம் வந்தார். சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அத்தனை வருடத்தில் அவர் என் எதிரில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பாப்பா டவுன்ல ஆஸ்டல்ல தங்கி மேல படிக்கப் போவுது தம்பி. அது மாதிரி பசங்களுக்குன்னே கீது. இனிமே மூணரைக்கு நான் ஓட வேணாம்."

"ரொம்ப சந்தோஷம் அக்கா."

"அந்த வரிய இன்னிக்கு போட்டுடு. முட்டி தாங்கல."

எந்த வரி என்று கேட்டேன். என் குரல் எனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது.

"மூணாவது மிஷினுதான். அன்னிக்கு அது தேதி கேக்கல. தானா சரியா வச்சிகினு நின்னுச்சி. மத்தியானம் நீ துன்னக்கூட போவாம அதுங்கிட்ட உக்காந்து ஒரு வரிய அழிச்சத பாத்தேன். மறுநாள் கேட்டுது. இத்தினி வருசம் தேதி அடிச்சவளுக்கு அதுகூட புரியாதா தம்பி?"

மன்னித்துவிடுங்கள் என்றேன், எதற்கென்று சரியாகத் தெரியாமல்.

"எதுக்கு? அன்னிக்கே உன்ன கேட்டிருப்பேன். பாப்பா படிக்கணுமேன்னு வாய மூடிகினேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வா, இப்பவே போட்டுடு. நான் பாக்கணும்."

ஷெட்டுக்குப் போனோம். நான்கு மிஷினிலும் அந்த ஒரு வரியை எழுதினேன். அக்கா ஒவ்வொன்றின் ஸ்விட்சையும் தானே அணைத்துப் போட்டார். ஒன்றுகூடத் தேதி கேட்கவில்லை. நான்காவதன் முன்னால் குனிந்து, திரையில் வந்த தேதியை விரல் வைத்துப் படித்தார். பிறகு சுவரில் தொங்கிய தினக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"சரியா தான் கீது" என்று சொல்லிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து ஸ்டோருக்குப் போனார்.